இரண்டாவது லைனில் வந்த பாக்கெட் எங்கே போனது?

மூன்று ராத்திரி விடாமல் உட்கார்ந்து, நேற்றுதான் வழிக்கு வந்தது. இரண்டு இன்டர்நெட் லைன், நடுவில் லினக்ஸ் ஃபயர்வால். வெளியே போகும் டிராஃபிக் முதல் நாளே சரியாகிவிட்டது. லைனுக்கு ஒரு ரவுட்டிங் டேபிள், அதாவது எது எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல் (முதல் லைனுக்கு 100, இரண்டாவதுக்கு 200), பாக்கெட்டுக்கு வைத்த மார்க்கை, அதாவது அடையாள எண்ணைப் பார்த்துப் பிரிக்கும் ரூல், இரண்டு பக்கமும் மாஸ்க்வரேட் (உள் முகவரியை மறைத்து லைனின் முகவரியைப் போடுவது), அவ்வளவுதான்.

படுத்தி எடுத்தது உள்ளே வரும் டிராஃபிக். இரண்டாவது லைன் வழியாக வருவதை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிட போர்ட் ஃபார்வர்ட் போட்டிருந்தேன். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில், இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்டான சின் 1 விநாடி, 2, 4 என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. ப்ரீரவுட்டிங்கில் (வழி முடிவாகும் முன் உள்ள கட்டம்) கவுண்ட்டர் ஏறுகிறது, ஃபார்வர்டில் (அடுத்த பக்கத்துக்குக் கடத்தும் கட்டம்) 0. ஃபயர்வால் தடுத்ததைக் குறிக்கும் டிராப் லாகில் ஒரு வரி இல்லை.

காரணம் ஆர்பி ஃபில்டர். அனுப்பியவருக்குப் பதில் போகும் வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றுதானா என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இதை வைத்துப் பார்க்கும். டிஃபால்ட் ரூட் (வேறு வழி குறிக்காதவை எல்லாம் போகும் வழி) முதல் லைனில் இருந்ததால், இரண்டாவதில் வந்ததைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. அந்த லைனின் இன்டர்ஃபேஸுக்கு 0 (பார்க்காதே) வைத்தேன், அசையவில்லை. 'ஆல்' என்ற பொது அமைப்பில் 1 (கண்டிப்பாகப் பார்) இருந்தது. இரண்டில் எது பெரிதோ அதைத்தான் கர்னல் எடுத்துக்கொள்ளும்! 2 (ஏதாவது ஒரு வழியில் பதில் போக முடிந்தால் போதும்) வைத்த மறுகணம் சின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி வரக்கூடாத வழியில் வந்த பாக்கெட்டுகளைக் குறிக்கும் மார்ஷியன் லாகை முதலிலேயே போட்டிருந்தால் முதல் ராத்திரியே பிடிபட்டிருக்கும். இதில் இறங்குபவர்கள் அதை மறக்காதீர்கள்.

அப்புறம் பதில் முதல் லைன் வழியாகக் கிளம்பியது. வந்த லைனின் மார்க்கை கான்ட்ராக்கில் (கர்னல் வைத்திருக்கும் இணைப்புப் பதிவேடு) பதித்து, அந்த இணைப்பின் பாக்கெட்டுகளுக்கெல்லாம் எடுத்துப் போட்டேன். இப்போது சர்வருக்குப் போக வேண்டியதும் டேபிள் 200-க்குப் போய், அங்கே டிஃபால்ட் ரூட் மட்டுமே இருந்ததால் வந்த வழியே வெளியே ஓடியது. மார்க் ரூலுக்கு மேலே ஒரு ரூல்: உள் நெட்வொர்க்குக்கான வழிகளும் இருக்கும் மெயின் டேபிளைப் பார், டிஃபால்ட் ரூட்டை மட்டும் கணக்கில் எடுக்காதே. 'சப்ரஸ் பிரிஃபிக்ஸ்லெங்த் 0' என்ற அந்த ஒற்றை வரியில் எல்லாம் ஒழுங்கானது. இவ்வளவு கச்சிதமான வசதி இருப்பது தெரியாமலே இத்தனை நாள் லோக்கல் ரூட்களை ஒவ்வொரு டேபிளிலும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை மட்டும் நம்பாதீர்கள். லோடு ஏறினால் என்னுடையது துண்டித்துக்கொள்கிறது. இன்டெல் சிப் போட்ட நாலு போர்ட் கார்டுக்கு மாறப் போகிறேன்.

ஒரு லைன் செத்தால் அடுத்ததற்கு மாறும் ஃபெயில்ஓவர் இன்னும் பாதியில் நிற்கிறது. கேட்வே (லைனின் அடுத்த முனை) பிங்குக்குப் பதில் சொல்வதை வைத்து லைன் உயிரோடு இருப்பதாக முடிவு கட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு லைன் வழியாகவும் 1.1.1.1, 8.8.8.8 என்ற வெளி டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். லைன் மாறியதும் பழைய கான்ட்ராக் பதிவுகளை அழிக்கும் வரி இன்னும் சேர்க்கவில்லை. அது இல்லாமல் ஐபி போன் செத்த லைனையே பிடித்துத் தொங்குகிறது.