கோணமலையில் ஒரு கோணல் துவக்கு

நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புறாமலைத் தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுடும் பயிற்சிக்குப் பாவித்திருக்கிறார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. காலையில் போனோம், முதுகு உரிந்ததுதான் மிச்சம்.

பின்னேரம் டச்பே கடற்கரை. கச்சான், இஸ்ஸோ வடை வண்டில்களுக்கு அங்கால் பலூன் சுடுகிற தட்டி ஒன்று.

"கனடாவில துவக்குப் பிடிச்சனீயெல்லே, சுட்டுக் காட்டு பாப்பம்" என்று மச்சான் உசுப்பிவிட்டான்.

பத்துச் சன்னம். முதல் நாலும் வீண். கடைக்காரத் தம்பி மரியாதைக்குச் சிரிக்காமல் நின்றான்.

அப்போதுதான் கனடாவில் முதன்முதல் ரேஞ்சுக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. .22 ரைபிளில் புது ஸ்கோப். 50 யார் தூரம், மணல் மூட்டையில் துவக்கு. ஒரு வெடி இடப்பக்கம் போனதும் ஸ்கோப்பில் குறியைத் திருத்துகிற குமிழைத் திருகினேன். அடுத்தது வலப்பக்கம். திரும்பவும் திருகினேன். பக்கத்து மேசைக் கிழவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: ஒரு குண்டைத் துரத்தாதே, ஒரே இடத்துக்குக் குறிவைத்து மூன்று சுடு, மூன்றும் சேர்ந்து எங்கே விழுகுதென்று பார். சுட்டேன். புள்ளிக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம். குமிழின் ஒவ்வொரு கிளிக்கும் கால் மினிட், அதாவது குண்டு விழும் இடத்தைக் கால் அங்குலம் நகர்த்தும், அங்குலத்துக்கு நாலு என்று எட்டுக் கிளிக் திருகினேன். பாதித் தூரம்தான் வந்தது! அந்தக் கணக்கு 100 யாருக்கு. 50இல் ஒரு கிளிக் அங்குலத்தில் எட்டிலொன்றுதான். இன்னும் எட்டுத் திருகியபிறகே சரிவந்தது.

பலூன் துவக்கில் திருக என்ன இருக்கிறது? தகரக் குறிதான், அதுவும் கோணல். பலூன்களை விட்டுவிட்டு, பலகையில் பெயின்ற் உரிந்த ஒரு பொட்டுக்கு மூன்று சன்னம் சுட்டேன்.

"அண்ணை, பலூன் அங்கால இருக்கு" என்றான் தம்பி.

மூன்றும் பொட்டுக்கு இடப்பக்கம், இரண்டு விரல் கீழே, நெருக்கமாக. துவக்கு கோணலென்றாலும் ஒழுங்கான கோணல். மிச்ச மூன்றையும் பலூனுக்கு அவ்வளவு வலமும் மேலும் பிடித்தேன். இரண்டு வெடித்தன. மற்றதுக்குக் கடற்காற்றைச் சாட்டலாம், ஆனால் என் கைதான் ஆடியது.

"பத்துக்கு ரெண்டு" என்றான் மச்சான்.

இன்னொரு பத்துக்குக் காசு நீட்டினேன். தம்பி அந்தத் துவக்கை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத் தந்தான்.