அத்தை கல்யாண வீடியோவில் அப்பாவின் குரல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை போன் செய்தார். அவருடைய கல்யாண வீடியோவை பென் டிரைவில் போட்டுக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"படமெல்லாம் நல்லா ஓடுது கண்ணு. சத்தந்தான் வரவே மாட்டேங்குது. அண்ணன் பேசறது ஒண்ணுமே கேக்கலை."

அந்தக் கல்யாணம் 1993இல் கோபிச்செட்டிபாளையத்தில் நடந்தது. படம் பிடித்தவர் என் அப்பா. ஊரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். தங்கை கல்யாணத்தை வேறு ஆளிடம் விட மனமில்லாமல், முகூர்த்தம் முடியும்வரை தோளிலிருந்து கேமராவை இறக்கவே இல்லையாம். அதனால் மூன்று வி.எச்.எஸ். கேசட்டிலும் அப்பாவின் முகம் ஓரிடத்தில்கூட இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. "மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க", "டேய், லைட்டத் தூக்கிப் பிடி". அப்பா 2011இல் இறந்துவிட்டார். அத்தை அந்த வீடியோவைக் கேட்டதே அந்தக் குரலுக்காகத்தான்.

அன்றைக்கே ஈரோட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பிரச்சினை பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. கேசட்டிலிருந்து எடுத்த ஒலி, சுருக்கப்படாத பி.சி.எம். ஒலி. தரம் குறையக் கூடாது என்று அதை அப்படியே எம்.கே.வி. ஃபைலுக்குள் வைத்திருந்தேன். அத்தை வீட்டு டிவிக்கு அந்தக் கலவை பிடிபடவில்லை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏ.ஏ.சி.க்கு மாற்றி எம்.பி.4 ஆக்கினேன். அவ்வளவுதான். முழுப் படத்தையும் திரும்ப மாற்றியிருந்தால் என் பழைய லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும், தரமும் ஒரு படி குறைந்திருக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. சொந்தக்காரர்கள், அப்பாவின் பழைய வாடிக்கையாளர்கள் என்று நான்கு வருடமாகப் பலருக்கு கேசட்டையும் ஃபைலையும் மாற்றிக் கொடுத்து வருகிறேன். என் வேலை ஒரு மில்லில் கணக்கு எழுதுவது. இதைச் செய்வது சனி, ஞாயிறுகளில்தான். வருகிறவர்களில் பாதிப்பேர், ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேரில் மாற்றி, ஓடவில்லை என்று இன்னொன்றில் மாற்றி, மூன்றாம் முறை மாற்றிக் கெடுத்த ஃபைலோடு வருகிறார்கள். அசலை அழித்துவிட்டும் வருகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் மனசு தாங்குவதில்லை.

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பதெல்லாம் தூக்குப்போசி மாதிரி. உள்ளே இருப்பது ரசமா மோரா என்பது போசியைப் பார்த்தால் தெரியாது. எச்.264, எச்.265, எம்பெக்-2 என்பவைதான் உள்ளே இருக்கும் படம். ஏ.ஏ.சி., ஏ.சி.3, பி.சி.எம். என்பவை ஒலி. ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைத் திருத்தினால் போசியின் மேல் ஒட்டிய பெயர்தான் மாறும். டிவியில் ஓடவில்லை என்றால், காரணம் போசியா, படமா, ஒலியா என்று முதலில் பார்க்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். போசி மட்டும்தான் பிரச்சினை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் காப்பி என்ற கட்டளை கொடுத்து, உள்ளே இருப்பதை அப்படியே வேறு போசிக்கு மாற்றலாம். தரம் துளியும் குறையாது, ஒரு மணி நேரப் படம்கூடச் சீக்கிரம் முடிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் பயன்படுத்த எளிது, ஆனால் அது படத்தை எப்போதும் புதிதாகத்தான் என்கோடு செய்யும், அதாவது திரும்பச் சுருக்கி எழுதும். ஒலியை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் அதைத் திறக்காதீர்கள்.

அத்தை மகன் ஒருமுறை இடம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் எச்.265இல், அதுவும் 10 பிட்டில் (நிறத்தைக் குறிக்கும் நுணுக்கம் அது, வழக்கமாக 8) மாற்றி வைத்தான். ஃபைல் நிஜமாகவே சின்னதாகிவிட்டது. ஆனால் பெரியப்பா வீட்டுப் பழைய டிவியில் கறுப்புத் திரைதான் வந்தது. வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பது என்றால் எச்.264, 8 பிட், ஏ.ஏ.சி., எம்.பி.4. இந்த நான்கும் சேர்ந்தால் அநேகமாக எங்கும் ஓடும்.

பென் டிரைவிலும் ஒரு தடங்கல் உண்டு. மூன்று கேசட்டையும் ஒன்றாக்கினால் 6.8 ஜி.பி. வந்தது. பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் ஃபைல் பெரிது என்று நின்றுவிட்டது. எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது. எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் ஃபார்மேட் செய்தால் போகும், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. நான் கேசட்டுக்கு ஒன்றாக மூன்றாகவே கொடுத்துவிட்டேன்.

சரி, இப்போது கேசட் விஷயம். இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

நம் ஊர் வி.எச்.எஸ். கேசட்டில் இருப்பது பால் (PAL) என்ற பழைய டிவி முறைப் படம். வினாடிக்கு 25 ஃபிரேம் என்பார்கள். உண்மையில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதி. ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. இரண்டும் ஒரே கணத்தில் எடுத்தவை இல்லை, இடையில் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. பழைய குண்டு டிவி இந்தப் பாதிகளை மாற்றி மாற்றிக் காட்டும், அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும்போது, அசையும் இடமெல்லாம் சீப்பின் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து தெரியும். அத்தையின் கல்யாணத்தில் தவில்காரரின் கை முழுக்க இப்படித்தான் இருந்தது. கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுதேன். கெடவில்லை.

இதற்கு டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும், அதாவது பின்னிக் கிடக்கும் இரண்டு பாதிகளையும் பிரிக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப், பிடபிள்யூடிஃப் என்று இரண்டு ஃபில்டர் உண்டு. ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு ஃபிரேமாக்கி, வினாடிக்கு 50 ஃபிரேம் வரும்படி வையுங்கள். 25 ஆக்கினால் அசைவின் பாதி போய்விடும். அப்பா கேமராவைத் திருப்பும்போது இருந்த அந்த வழுக்கல் 50இல்தான் திரும்பக் கிடைக்கிறது. இன்னொன்று, டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன் படத்தின் அளவை மாற்றவே கூடாது. மாற்றினால் இரண்டு பாதிகளின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அப்படிக் குழைந்த ஒரு வளைகாப்பு வீடியோவை ஒருவர் கொண்டுவந்தார். கேசட்டையும் தூக்கிப் போட்டிருந்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எந்தப் பாதி முதலில் என்பதும் முக்கியம். நான் கேசட் பிளேயரை ஒரு மினி டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ; தொலைக்காட்சி இல்லை) கேமராவோடு இணைத்து, அதன் வழியாக ஃபயர்வயர் என்ற கேபிளில் கம்ப்யூட்டருக்கு எடுத்தேன். டி.வி. முறையில் கீழ்ப் பாதி முதலில் வரும். யு.எஸ்.பி. கேப்சர் கருவிகளில் பெரும்பாலும் மேல் பாதி முதலில். மாற்றிச் சொல்லிவிட்டால் தேங்காய் உடைக்கிற கை ஒரு அடி முன்னே போய், அரை அடி பின்னே வந்து, திரும்ப முன்னே போகும். நின்று பேசுகிற காட்சியில் இது தெரியாது. யாராவது குறுக்கே நடக்கிற பத்து வினாடியைத் தனியாக வெட்டி, இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடங்குங்கள்.

அடுத்தது, முகம் சப்பையாகவோ ஒல்லியாகவோ தெரிவது. பால் டி.வி. ஃபைல் 720க்கு 576 என்று இருக்கும். அதை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் ஆட்கள் கொஞ்சம் ஒல்லியாவார்கள். 4:3 படம் என்றால் 768க்கு 576 ஆக்க வேண்டும். அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று 16:9க்கு இழுத்துவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். நம் அம்மாயியின் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்க வேண்டும்.

படமும் சத்தமும் பொருந்தாமல் போவதுதான் எல்லாரும் அதிகம் கேட்பது. அதில் இரண்டு வகை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒலியை அத்தனை மில்லி வினாடி நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் வேறு வைத்தியம். ஒரு சித்தப்பா கேசட்டை விலை குறைந்த யு.எஸ்.பி. கருவியில் எடுத்திருந்தார். வரவேற்பில் எல்லாம் சரி. ஐம்பதாவது நிமிடத்தில் தாலி கட்டி முடிந்து ஒன்றரை வினாடி கழித்துக் கெட்டிமேளம் கேட்டது. பத்து, இருபது, முப்பது நிமிடங்களில் விலகலைக் குறித்துப் பார்த்தேன். சீராக ஏறியது. அப்படி ஏறினால் படத்தின் கடிகாரமும் ஒலியின் கடிகாரமும் வேறு வேகத்தில் ஓடியிருக்கின்றன என்று பொருள். 3000 வினாடிக்கு 1.5 வினாடி, அதாவது 0.05 சதவீதம். ஒலியை அந்த அளவு வேகப்படுத்தினேன். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, தவில் குச்சியும் அடியும் கடைசிவரை சேர்ந்து வந்தன. சீராக ஏறாமல் திடீர் திடீரென்று தாவினால், எடுக்கும்போது ஃபிரேம்கள் விழுந்திருக்கின்றன. அதற்குக் கணக்குப் போட்டுப் பயனில்லை. கேசட் இருந்தால் திரும்ப எடுப்பதே நல்லது. பொருத்தம் பார்க்கத் தவிலை விட நல்ல இடம் கிடையாது. பேசுகிற வாயை வைத்துப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும்.

போனில் எடுத்ததிலும் இது வரும், காரணம் வேறு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப போன் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். போனில் பார்க்கும்போது சரியாக இருப்பது, எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் விலகும். எடிட் செய்வதற்கு முன் நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

அத்தையின் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்கிறார்கள். யார் யார் என்று தெரிய வேண்டும் என்று பெயரும் முறையும் சப்டைட்டிலாகப் போட்டேன். முதல் முறை "பெரியப்பா" என்பதில் கொம்பு ப-வுக்குப் பின்னால் வந்து நின்றது. தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வைத்துவிடும். எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் சேர்த்த லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் நிரல் வழியாக, தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டுப் படத்திலேயே பதித்த பிறகு சரியாக வந்தது. நான் வைத்தது நோட்டோ சான்ஸ் தமிழ். சப்டைட்டில் ஃபைலை யு.டி.எஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமிக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தரத்துக்கு நான் வைப்பது எச்.264இல் சி.ஆர்.எஃப். என்ற தர எண் 18. எண் குறையக் குறையத் தரமும் கூடும், ஃபைலும் பெருக்கும். கேசட் படத்தில் புள்ளி இரைச்சல் அதிகம், 23 வைத்தால் பட்டுச்சேலையின் ஜரிகை மழுங்கிப்போகிறது.

கடைசியாக ஒன்று. இந்தத் தை மாதம் மச்சினர் மகளுக்குக் காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்துக்கொண்டிருந்த போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. ஃபைல் 2.1 ஜி.பி. இருந்தது, எதிலும் திறக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் போட்டால் மூவ் ஆட்டம் (moov atom) இல்லை என்றது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் மூவ் ஆட்டம். பதிவு முடிந்த பிறகே போன் அதை எழுதும். எங்கள் கணக்கு வேலையில் சொன்னால், வவுச்சர் அத்தனையும் இருக்கிறது, பேரேடு எழுதவில்லை. இப்படிப்பட்ட ஃபைலை எந்த கன்வெர்ட்டரில் போட்டும் பயனில்லை.

அழித்துவிடாதே, அந்த போனில் இப்போதைக்கு வேறெதுவும் எடுக்காதே என்று மச்சினரிடம் சொல்லி, முதலில் ஃபைலை என் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தேன். பிறகு அதே போனில், அதே அளவு, அதே ஃபிரேம் வேகத்தில் ஒரு நிமிடம் வாசலைப் படம் பிடித்தோம். அன்ட்ரங்க் என்ற கருவி, நன்றாக இருக்கும் ஃபைலை மாதிரியாக வைத்து உடைந்ததற்குப் பட்டியல் எழுதும். முதல் முறை ஒலி மட்டும் வந்தது. மாதிரியை எச்.264இல் எடுத்திருந்தோம், காது குத்தை எடுத்தபோது போன் எச்.265இல் இருந்திருக்கிறது. அமைப்பை மாற்றி மாதிரியைத் திரும்ப எடுத்ததும் படமும் வந்தது. போன் அணைவதற்குச் சில வினாடி முன்புவரை கிடைத்தது. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுவதும், மாமன் அவள் வாயில் சர்க்கரை வைப்பதும் அதில் இருக்கின்றன.

உடைந்த ஃபைலையும் நான் அழிக்கவில்லை. அப்பாவின் கேசட்டுகளிலிருந்து எடுத்த டி.வி. ஃபைல்களோடு, மணிக்கு 13 ஜி.பி. என்ற கணக்கில், இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், இன்னொன்று அத்தை வீட்டு பீரோவில்.