முள் ஆடிய விமானம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள வர்ஜீனியா விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு ஒரு பக்கம் எம்4 நெடுஞ்சாலை, மறுபக்கம் இந்தியப் பெருங்கடல். அந்த உப்புக்காற்றில் எந்த மின் இணைப்பையும் நம்பக்கூடாது. இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த செஸ்னா 172 என்ற சிறு விமானம் எங்கள் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

1970களில் செய்த விமானம், 14 வோல்ட் அமைப்பு. மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் ஒரு நிலையில் நிற்காமல் துடிக்கிறது, தரையிறங்கும் விளக்கும் கூடவே மினுங்குகிறது என்றார் உரிமையாளர். இரண்டு முறை மின்னழுத்தம் எல்லை மீறி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பறக்கும்போதே தானாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. நிற்காது, தீப்பொறியை எஞ்சினே சுழற்றும் மேக்னெட்டோக்கள் தாமே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்தால் ரேடியோவும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் போய்விடும், தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கை ஃப்ளாப்பும் இறங்காது. சற்று வடக்கே கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையம் இருக்கிற வான்வெளியில் ஊமையாகப் பறப்பது விளையாட்டல்ல.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கம் சரியாக இருந்தது. ஆல்டர்னேட்டரை மாற்றினேன். முள் ஆடியது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினேன். அப்போதும் ஆடியது.

எங்கள் பட்டறையில் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் மூத்த தொழிலாளர் ஒருவர் இருந்தார். வேலையிடத்தில் எங்கள் பேச்சு ஆங்கிலம்தான். திட்டும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரும். அன்று தமிழில்தான் ஆரம்பித்தார்: "தம்பி, நீ கோளாறைத் தேடுகிறாயா, இல்லை கடைக்காரனுக்கு வியாபாரம் செய்து கொடுக்கிறாயா?"

"இதற்குமேல் மாற்ற என்ன இருக்கிறது, அண்ணா?"

"மாற்றாதே. அளந்து பார்."

எஞ்சினை ஓட்டவே வேண்டாம் என்றார். மாஸ்டர் சுவிட்சின் இரண்டு பாதிகளையும் (பேட்டரிக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று) போட்டுவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பஸ் பாரில் 12.3 வோல்ட். ரெகுலேட்டரின் உள்வரும் முனையில் 11.5. ஓரிரண்டு அடி கம்பியில் 0.8 வோல்ட் எங்கே போயிற்று?

அந்த ரெகுலேட்டர் பஸ் பாரை நேரடியாகப் பார்ப்பதில்லை. சர்க்யூட் பிரேக்கரையும், மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதியையும் தாண்டி வரும் கம்பி காட்டுவதைத்தான் பார்க்கிறது. ஆல்டர்னேட்டரில் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்கான மின்னோட்டமும் அதே கம்பியில்தான் ஓடுகிறது. வழியில் தடை இருந்தால் மின்னழுத்தம் குறைவு என்று நினைத்து ரெகுலேட்டர் ஃபீல்டைக் கூட்டும். பஸ் பாரில் மின்னழுத்தம் ஏறியதும் ஃபீல்டை வெட்டும். மின்னோட்டம் குறைந்ததும் இழப்பும் மறைந்து, கணக்கு மறுபடி தப்பும். காது மந்தமான என் ஆயா லோட்டஸ் எஃப்எம் வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார், அதே கதைதான்.

ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே போனேன். பிரேக்கரில் செருகியிருந்த முனையில் 0.2 வோல்ட், பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் அசைந்தது. மீதி முழுவதும் சுவிட்சுக்குள். கழற்றிய சுவிட்சை அண்ணா பிறகு ஆக்சா கத்தியால் அறுத்துக் காட்டினார். தொடுமுனைகள் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யார் யாரோ தட்டித் தட்டித் தேய்ந்தவை.

புதிய சுவிட்ச், புதிய முனை. எஞ்சினை ஓட்டியபோது மின்னழுத்தம் 14 வோல்ட்டில் நின்றது. முள்ளும் அசையவில்லை.

மகிழ்ச்சியைவிட எனக்குக் கூச்சம்தான் அதிகம். கழற்றிப் போட்ட பழைய ஆல்டர்னேட்டர் அலமாரியில் இருந்தது. விமானத்தை எடுத்துச் செல்ல வந்த உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் என்ன கோளாறு இருந்தது?"

அண்ணா என்னைப் பார்த்தார். "ஒன்றும் இல்லை" என்றேன். பில்லை வாங்கி, ஆல்டர்னேட்டர் மாற்றிய கூலியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.