4.10-ஆ, 4.40-ஆ

ஜனவரி 3, 2026, சனி

இன்று பௌர்ணமி. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் பையை நேற்றே கட்டி வைத்திருந்தேன். போகவில்லை.

ஜனவரி 5, திங்கள்

இரவு ஒன்றே முக்காலுக்கு மறுபடியும் நெஞ்சு அடைத்தது. எழுந்து இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன், யோகா டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது, ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சு அதை நம்புவதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும், அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறார்கள். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

திருமூலர் கணக்கு வேறு. பதினாறு இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டு விட வேண்டும். படித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. டீச்சர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "பதற்றம் இருக்கிறவங்க மூச்சை அடக்கக் கூடாதும்மா. கும்பகம் இப்ப வேண்டாம்." சரி, நாலும் ஆறும்.

சவாசனம் மட்டும் இன்னும் முடியவில்லை. எல்லோரும் மல்லாந்து கிடக்கும்போது நான் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லும்போதே வயிறு சுருங்குகிறது.

ஜனவரி 9, வெள்ளி

அம்மாவின் ஜாதக நோட்டு கிடைத்துவிட்டது, பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில். மஞ்சள் தடவிய அட்டை. அண்ணனுடையது முதல் பக்கம், என்னுடையது மூன்றாம் பக்கம். 17.2.1980, சதயம், கும்ப ராசி. நேரம் விடியற்காலை 4.10 என்று நீல மையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் 4.40. எதையும் அடிக்கவில்லை, இரண்டையும் விட்டு வைத்திருக்கிறாள்.

எதற்கு அம்மா இரண்டு?

ஜனவரி 10, சனி

தூக்கம் மூன்று மணி நேரம்.

ஜனவரி 14, புதன்

ஜோசியரிடம் போன வாரமே நோட்டைக் கொடுத்திருந்தேன், இன்று அவரே கூப்பிட்டார். அரை மணி நேரம் என்று சாதாரணமாக நினைத்திருந்தேன். லக்னம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி, அது நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது, ஒரு ராசியைக் கடக்கச் சுமார் இரண்டு மணி நேரம், நான் சரியாக எல்லையில் விழுந்திருக்கிறேன். 4.10 என்றால் தனுசு லக்னம். 4.40 என்றால் மகரம். மகரம் என்றால் சனியே எனக்கு லக்னாதிபதி, வீட்டுக்காரர், தன் பிள்ளையை அடித்தாலும் ஓர் அளவோடுதான் அடிப்பார் என்றார். தனுசு என்றால் அந்தச் சலுகை இல்லை.

தசை, அதாவது ஒவ்வொரு கிரகமும் ஆளும் காலம், அதைவிட மோசம். சதயத்துக்குப் பிறப்பில் ராகு தசை, பதினெட்டு வருடத்தில் கழிந்தது போக மிச்சம், அப்புறம் குரு பதினாறு, சனி பத்தொன்பது. அந்த அரை மணி நேரத்தில் சந்திரன் கால் பாகைக்கும் சற்று மேலே நகர்ந்திருப்பான், அது ராகு தசை இருப்பில் ஏறக்குறைய ஐந்து மாதத்தைத் தள்ளிவிடுகிறது. ஆக, 4.40 சரி என்றால் என் சனி தசை போன செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. 4.10 சரி என்றால் இந்த மாசியில்தான் முடியும்.

செப்டம்பரில் முடிந்திருந்தால் ஐப்பசி முழுக்க நான் ஏன் அப்படிக் கிடந்தேன்? அப்படியானால் 4.10தான். ஆனால் எனக்கு மகர லக்னம் வேண்டும். இரண்டையும் எப்படிக் கேட்பது?

பிறந்த நேரம் என்பதே எது என்று கேட்டேன். தலை வெளியே தெரிந்த நேரமா, முழுக்க வெளிவந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள் என்றார். "அம்மா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க." அவருக்குத் தெரியாது. அவர் மேல் தவறில்லை.

ஜனவரி 18, ஞாயிறு, ராமேஸ்வரம்

தை அமாவாசை. அக்னி தீர்த்தக் கரையில் மணல் தெரியாத கூட்டம். அண்ணன் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தான், நான் பின்னால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலில் முங்கிவிட்டுக் கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வாளியை இறக்கி இழுத்துத் தலையில் ஊற்றுகிறார்கள், ஒன்று ஜில்லென்று, ஒன்று வெதுவெதுப்பாக, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்கவில்லை. ஏழாவது எட்டாவது கிணற்றில் எண்ணிக்கை மறந்துபோனது. அது எனக்கு நல்லதாக இருந்தது, மாதக்கணக்கில் நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

ஈரத்துணியோடு பிராகாரத்தில் நிற்கும்போது அண்ணனிடம் கேட்டுவிட்டேன். ஒன்றரை வருடமாகக் கேட்காதது. எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை? தியான முகாம் அலுவலகத்தில் அவசரத்துக்கு எண் கொடுத்துவிட்டுத்தானே போனேன்.

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். "அம்மாதான் வேண்டாம்னா. அவ தவத்துல உக்காந்திருக்கா, கலைக்காதீங்கன்னா."

ஜனவரி 19, திங்கள்

தவம் என்று சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 20, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

இன்னொரு தேதிக் குழப்பம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி போன வருடம் மார்ச் 29-ஆம் தேதியே என் ராசியான கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி வரும் மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது, 2023 டிசம்பர் 20-ஆம் தேதி அங்கே பெயர்ச்சி நடந்தபோது அம்மாவும் நானும் வீட்டில் எள் விளக்கு ஏற்றினோம், ஜன்ம சனி ஆரம்பம், பார்த்து நடந்துக்கோ என்றாள். ஆக ஒரு பஞ்சாங்கப்படி எனக்கு ஜன்ம சனி விலகிப் பத்து மாதம் ஆகிவிட்டது, இன்னொன்றின்படி இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. அம்மா வாக்கியம்தான் பார்ப்பாள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். முப்பத்தெட்டு நாள் என்பது கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று.

ஜோதிடம் பார்ப்பவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வலிக்கு முடியும் தேதி என்று ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் அன்றிரவு தூங்க முடிகிறது. நான் தூங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம், பௌர்ணமி. காய்ச்சல். மறுபடி போகவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பிராமரி பழகுகிறேன். காதை மூடிக்கொண்டு வெளிமூச்சில் வண்டு மாதிரி ரீங்கரிப்பது. மண்டைக்குள் முழுக்க அந்த அதிர்வு, முடித்துவிட்டுக் கையை எடுத்தால் அறை ஒரு நொடி புதிதாக அமைதியாக இருக்கிறது. அந்த ஒரு நொடிக்காக ஏழு முறை செய்தேன்.

பிப்ரவரி 11, புதன்

சவாசனம். மல்லாந்து, கண்ணை மூடாமல், நாலு நிமிடம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. விழித்திருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் இன்று ஊரே விழித்திருக்கிறது. நான்கு கால பூஜைக்கும் இருந்தேன். நள்ளிரவு தாண்டி பக்கத்தில் ஒரு பாட்டி தூங்கித் தூங்கி என் தோளில் சாய்ந்தார். அசையாமல் இருந்தேன். மணி நான்கு ஆனபோது கை தானாக நடுங்கியது. அந்த முகாமில் தினமும் நான்கு மணிக்கு எழுப்ப மணி அடிக்கும், பத்து நாள் பேச்சில்லை, ஃபோன் இல்லை, முதல் மூன்று நாள் மூக்குத் துவாரத்தில் மூச்சு வந்துபோவதை மட்டும் பார்ப்பது, நாலாம் நாள் முதல் உடம்பு முழுக்க. ஏழாம் நாள் எனக்கு மிக நன்றாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாள்தான்.

அதன்பிறகு நான் ஒரு முறைகூடக் கண்ணை மூடி உட்காரவில்லை. ஆசனம் செய்வேன், மூச்சை எண்ணுவேன், நடப்பேன். உட்கார மட்டும் மாட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாற்பத்தாறு. இன்று சூரிய கிரகணமாம், அண்டார்டிகா பக்கம், இங்கே தெரியாது. நான் பிறந்ததற்கு முந்தின நாள் 1980 பிப்ரவரி 16-ஆம் தேதி முழு சூரிய கிரகணம், கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாக நிழல் போயிருக்கிறது. நிறைமாதம் என்று அம்மாவை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி வைத்தார்களாம். இருட்டில் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், நீ உள்ளே ஒரே உதை என்பாள். மறுநாள் விடியும் முன்னே நான் வந்துவிட்டேன். ஆங்கிலத் தேதிப்படி ஞாயிறு, சூரியன் உதிக்காததால் பஞ்சாங்கத்துக்கு அது சனிக்கிழமைதான். சனிக்கிழமை பிறந்த பிள்ளை என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எள் சாதம்.

அத்தையிடம் கேட்டேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் அவர்தான். "மணியா? பால்காரன் இன்னும் வரலை. அங்க சுவர்க் கடிகாரம் அரை மணி தப்பா ஓடும்டி, உங்கம்மா அப்புறம் வந்து திருத்தினா." முன்னாலா, பின்னாலா? "அது ஞாபகம் இல்லையே." யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 26, வியாழன், திருவண்ணாமலை

வந்து இரண்டு நாள் ஆகிறது. இந்தத் தடவை பையைக் கட்டியதும் உட்காராமல் நேராகப் பேருந்து ஏறிவிட்டேன்.

ரமணாசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சன்னிதியில் வெகுநேரம் நின்றேன். அது ரமண மகரிஷியின் அம்மா அழகம்மாளின் சமாதி. மகரிஷி 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயதில், வீட்டில் சொல்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். 1898-இல் அம்மா மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு பவழக்குன்றுக்கு வந்து நாள்கணக்கில் அழுது கூப்பிட்டிருக்கிறார். அவர் பேசவே இல்லை, கடைசியில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நடக்காதது முயன்றாலும் நடக்காது, நடப்பது தடுத்தாலும் நிற்காது, மௌனமாய் இருப்பதே நன்று என்ற பொருளில். ஜாதகம், தசை, பெயர்ச்சி எல்லாம் பேசும் விஷயம் அந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. எல்லோரும் அதை ஞானமாகப் படிக்கிறார்கள், நானும் படித்தேன், ஆனால் எனக்கு அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போன அம்மாவின் நினைப்புதான். மகன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். தவத்தில் இருக்கிறான். வண்டியில் என்ன நினைத்திருப்பாள்?

1916-இல் அவரே வந்து மகனோடு தங்கிவிட்டார், மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில். 1922 மே 19-ஆம் தேதி இறக்கும்போது மகன் பக்கத்தில் இருந்தார், ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி, பல மணி நேரம்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 28, சனி

காலையில் ஸ்கந்தாசிரமம் வரை ஏறினேன். முழங்கால் வலி. நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன், ஆறு!

மார்ச் 3, செவ்வாய்

மாசிப் பௌர்ணமி, சந்திர கிரகணமும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் நிலா எழும்போதே ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. ஏழு மணிக்குள் முழுவதும் விட்டுவிட்டது. அதன்பிறகு குளித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன், வெறுங்காலோடு, பதினான்கு கிலோமீட்டர். மலை எப்போதும் வலது பக்கம். மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடது ஓரமாக நடக்க வேண்டும் என்று பக்கத்தில் வந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

வழியில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் இருந்த கூட்டம் எம லிங்கத்தில் கொஞ்சம் அடங்கியது. அங்கே நெற்றியில் திருநீறு வைத்துக்கொள்ளக் கை வரவில்லை, பிறகு வைத்துக்கொண்டேன். நிருதி தாண்டிய பிறகு கால் எரிச்சல் போய் மரத்துவிட்டது, அப்போதுதான் மூச்சு தானாக நாலடிக்கு உள்ளே, ஆறடிக்கு வெளியே என்று போவதைக் கவனித்தேன். நான் எண்ணவில்லை. ஆதி அண்ணாமலைப் பக்கம் மலை வேறு உருவமாகத் தெரிகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மலை. அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தேன், வாய்விட்டு, அந்த ஜனத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னேன். அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார். அந்தச் சின்ன மண்டபத்துக்குள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். நடுவில் தோள் மாட்டிக்கொண்டது, நெஞ்சு அடைக்கத் தொடங்கியது, வெளியே இருந்து யாரோ ஒரு பெண் "மூச்ச விடும்மா, விட்டா உடம்பு சுருங்கும், வந்துருவ" என்றாள். விட்டேன். வந்துவிட்டேன்.

ஈசானியம் முடித்தபோது மணி இரண்டரை. இன்னும் காலில் சிறு கற்கள் குத்துகிற மாதிரியே இருக்கிறது.

மார்ச் 4, புதன்

பதினோரு மணி வரை தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

நாளைக்கு.

மார்ச் 6, வெள்ளி

காலையில் எள் விளக்கு. கும்பத்தை விட்டுப் போகும் நேரத்துக்குச் சரியாக ஏற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன், குளித்து வருவதற்குள் தாமதமாகிவிட்டது, சரி என்று ஏற்றினேன்.

அப்புறம் பாயை விரித்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி, மூக்குத் துவாரம், மூச்சு. ஃபோனை அணைக்கவில்லை, சத்தத்தை முழுக்க வைத்து வலது முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது, தொண்டைக்குள் ஏதோ இளகி வந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அத்தை.

எடுத்தேன். கடிகாரம் பற்றித்தான்.