அமெரிக்காவில் முதல் வீடு: கையெழுத்துக்கு முன்பும் தவணை தவறிய பின்பும்

அமெரிக்காவில் வீடு பார்க்கத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" அந்தக் கேள்விக்கு வங்கி சந்தோஷமாகப் பதில் சொல்லும். மாதம் மொத்தமாக எவ்வளவு போகும், இரண்டாம் வருடம் அது எவ்வளவு ஆகும் என்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். பின்னால் தவணை தவறுபவர்களில் பலருக்கும் சிக்கல் தொடங்குவது இந்தக் கணக்கில்தான்.

4,00,000 டாலர் வீடு, 5 சதவீதம் டவுன் பேமென்ட், 6.5 சதவீத வட்டி, 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். கடன் 3,80,000. அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் சுமார் 2,402 டாலர். ஆன்லைன் கால்குலேட்டர்கள் பெரிய எழுத்தில் காட்டுவது இதைத்தான். சொத்து வரி 2 சதவீதம் என்றால் மாதம் 667. வீட்டு இன்ஷூரன்ஸ் வருடம் 2,400 என்றால் மாதம் 200. டவுன் பேமென்ட் 20 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் பிஎம்ஐ எனும் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் ஒரு 190. ஆக மொத்தம் 3,459. ஹெச்ஓஏ எனும் குடியிருப்புச் சங்கக் கட்டணம் இருந்தால் அது தனி. வாடகையோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையை.

புதிதாகக் கட்டிய வீடு வாங்குபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. முதல் வருட வரி பல இடங்களில் வெறும் மனைக்கு மட்டும் விதிக்கப்பட்டிருக்கும். மனை மதிப்பு 80,000 என்றால் வருட வரி 1,600. வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தவணையோடு சேர்த்து வசூலித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்குக்கு, வரிப் பங்காக மாதம் 133 போதும். அடுத்த வருடம் வீட்டையும் சேர்த்து 8,000 டாலருக்கு பில் வரும். எஸ்க்ரோவில் 6,400 பற்றாக்குறை. சர்வீசர், அதாவது மாதத் தவணையை வசூலிக்கும் நிறுவனம், அந்தப் பற்றாக்குறையை 12 மாதத்துக்குப் பிரித்து மாதம் 533 கேட்கும். கூடவே புதிய வரிக்கு 667. வட்டி விகிதம் ஒரு துளி மாறாமல் தவணை 1,067 டாலர் ஏறியிருக்கும். "ஃபிக்ஸட் ரேட்தானே எடுத்தோம்?" என்று திகைப்பவர்கள் எஸ்க்ரோ பகுதி ஃபிக்ஸட் இல்லை என்பதைக் கவனிக்காதவர்கள். முழு மதிப்புக்கான வரியை முதல் மாதத்திலிருந்தே வசூலிக்கும்படி லெண்டரிடம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த வித்தியாசத்தைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்கு தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? டவுன் பேமென்ட் போக, வீடு கைமாறும்போது கட்டும் க்ளோசிங் செலவு வழக்கமாக வீட்டு விலையில் 2 முதல் 5 சதவீதம். மேலே சொன்ன வீட்டுக்கு 8,000 முதல் 20,000 வரை. இவை இரண்டும் போன பிறகும் ஆறு மாத முழுத் தவணை கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதில் சமரசம் செய்யக் கூடாது. வேலை போனால் விசா தரும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். வீட்டுக் கடனுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

விசா விஷயத்திலேயே இன்னொன்று. 3.5 சதவீத டவுன் பேமென்ட்டுக்குப் பெயர்போன, அரசு காப்பீடு தரும் எஃப்ஹெச்ஏ கடன், 2025 மே 25 முதல் கிரீன் கார்டு இல்லாத தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதையே நம்பித் திட்டம் போடாதீர்கள். லெண்டர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிப்படியான கன்வென்ஷனல் கடன் சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்குக் கிடைக்கும். கிரீன் கார்டு உள்ளவர்களும் எஃப்ஹெச்ஏ எடுக்குமுன் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு: 10 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமென்ட் போட்டால் அதன் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் கடன் முடியும்வரை தொடரும். கன்வென்ஷனலில், கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு வரும்போது பிஎம்ஐயை நிறுத்தும்படி எழுத்தில் கேட்கலாம். கேட்காவிட்டாலும், தவணை ஒழுங்காக இருந்தால், அட்டவணைப்படி 78 சதவீதத்தில் அவர்களே நிறுத்தியாக வேண்டும். இது 1998ஆம் ஆண்டுச் சட்டம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புவதாக இருந்தால் சீக்கிரமே அனுப்பச் சொல்லுங்கள். லெண்டர் பொதுவாகக் கடைசி இரண்டு மாத வங்கி அறிக்கை கேட்பார். அதில் திடீரென்று விழுந்த பெரிய தொகை ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பரிசுப் பணம் என்றால் "திருப்பித் தரத் தேவையில்லை" என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம், அனுப்பிய வங்கியின் ரசீது இரண்டும் வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருடத்தில் வந்த பரிசு 1,00,000 டாலரைத் தாண்டினால் வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 3520 படிவம் போக வேண்டும். வரி கிடையாது, படிவத்தை விட்டுவிட்டால் அபராதம் மட்டும் உண்டு, அதுவும் சின்னதில்லை.

விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் லெண்டர் "லோன் எஸ்டிமேட்" தர வேண்டும். குறைந்தது மூன்று லெண்டரிடம் ஒரே வாரத்தில் வாங்குங்கள். 45 நாளுக்குள் நடக்கும் மார்ட்கேஜ் விசாரணைகள் கிரெடிட் ஸ்கோரில் ஒன்றாகவே எண்ணப்படும், பயம் வேண்டாம். முதல் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். விஷயம் இரண்டாம் பக்கத்தில் ஏ பிரிவில் இருக்கிறது. அதுதான் லெண்டரின் சொந்தக் கட்டணம். வட்டி குறைவு என்று காட்டிவிட்டு இங்கே, வட்டியைக் குறைக்க முன்கூட்டிக் கட்டும் பாயிண்ட் என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பார்கள். மூன்றாம் பக்கத்தில், ஐந்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், அதில் அசல் எவ்வளவு கழிந்திருக்கும் என்ற இரண்டு வரி உண்டு. இரண்டு லெண்டரை ஒப்பிட அதைவிடச் சுலபமான வழி இல்லை. இறுதிக் கணக்கான "க்ளோசிங் டிஸ்க்ளோஷர்" கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னால் வந்தாக வேண்டும். வந்ததும் எஸ்டிமேட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏ பிரிவுத் தொகை தகுந்த காரணம் இல்லாமல் ஏறக் கூடாது.

க்ளோசிங் பணத்தை வயர் செய்யச் சொல்லி மின்னஞ்சலில் வரும் கணக்கு எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பத்திரப் பரிமாற்றத்தை நடத்தும் டைட்டில் கம்பெனிக்கு நீங்கள் முன்பே அறிந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். போன பணம் திரும்புவது அரிது. இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுத்து ஆஃபர் போடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச, விற்பனைக் கமிஷன் எதிர்பார்க்காத ஆள் வேண்டும் என்றால், அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். 800-569-4287 என்ற எண்ணில் கூப்பிட்டால் பக்கத்தில் உள்ள அமைப்பைச் சொல்வார்கள். வாங்கும் முன் ஆலோசனைக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். தவணை தவறியவர்களுக்கு இலவசம். மாநில வீட்டு நிதி அமைப்புகள் தரும் டவுன் பேமென்ட் உதவிக்குப் பெரும்பாலும் இவர்களின் வகுப்புச் சான்றிதழ் கேட்கப்படும். அந்த உதவிகளில் பல, வீட்டை விற்கும்போதோ ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ திருப்பிக் கட்ட வேண்டிய இரண்டாம் கடன் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று வருடமாகச் சொந்த வீட்டில் வசிக்காதவர்களையும் பல திட்டங்கள் "முதல் முறை வாங்குபவர்" என்றே கணக்கில் எடுக்கும்.

இனி, வேலை போய்விட்டது அல்லது சம்பளம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தேதிகள்தான் இங்கே எல்லாம். தவணை ஒன்றாம் தேதி. பெரும்பாலான கடன்களில் 15 நாள் தாமதக் கட்டணம் இல்லாத அவகாசம். 30 நாள் தாண்டினால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும். 36ஆம் நாளுக்குள் சர்வீசர் உங்களோடு போனிலோ நேரிலோ பேச முயல வேண்டும், 45ஆம் நாளுக்குள் என்னென்ன வழிகள் உண்டு என்று எழுத்தில் அனுப்ப வேண்டும். பொதுவாக 120 நாள் பாக்கி தாண்டும்வரை ஃபோர்க்ளோஷருக்கான, அதாவது வீட்டை ஏலம் விடுவதற்கான, முதல் சட்ட நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. இது மத்திய அரசின் விதி, எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். இந்த நான்கு மாதத்தைத்தான் பலர் போனை எடுக்காமல், கடிதத்தைப் பிரிக்காமல் வீணடிக்கிறார்கள். வெட்கம் புரிகிறது, ஆனால் அந்த உறைக்குள் உங்கள் உரிமைகளின் பட்டியலும் இருக்கிறது.

முதல் தவணை தவறுவதற்கு முன்பே சர்வீசரைக் கூப்பிட்டு, "லாஸ் மிட்டிகேஷன் விண்ணப்பம் வேண்டும்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். வீட்டை இழக்காமல் தப்பும் வழிகளுக்கான விண்ணப்பம் அது. கஷ்டத்தை விளக்கும் கடிதம், சமீபத்திய சம்பளச் சீட்டுகள் அல்லது வேலையின்மை உதவித்தொகைக் கடிதம், இரண்டு மாத வங்கி அறிக்கை, வருமான வரிப் படிவம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். வங்கி அறிக்கையில் வெற்றுப் பக்கமாக இருந்தாலும் எல்லாப் பக்கமும் போக வேண்டும். "பக்கம் 6 இல்லை" என்று விண்ணப்பம் கிடப்பில் விழுவது சாதாரணம். சம்பளச் சீட்டு பழசாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு அப்லோடுக்கும் ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, பேசியவர் பெயர் எழுதி வையுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், சட்டப் பாதுகாப்பு முழுமையான விண்ணப்பத்துக்குத்தான். ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், முடிவு சொல்லும்வரை சர்வீசர் ஏலம் நடத்தக் கூடாது. 30 நாளுக்குள் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். 90 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே கொடுத்திருந்தால், கடன் மாற்றம் மறுக்கப்பட்டாலும் 14 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். சிறிய சர்வீசர்களுக்கு இவற்றில் சிலவற்றிலிருந்து விலக்கு உண்டு.

கிடைக்கும் வழிகளில் ஃபோர்பேரன்ஸ்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. சில மாதம் தவணையை நிறுத்தி வைப்பார்கள், தள்ளுபடி கிடையாது. முடிந்ததும் அந்தப் பாக்கி என்ன ஆகும் என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்: மொத்தமாகவா, தவணைகளோடு கொஞ்சம் கொஞ்சமாகவா, கடைசிக்குத் தள்ளியா? கடைசிக்குத் தள்ளும் டிஃபரல் கிடைத்தால் நல்லது, அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. வருமானம் நிரந்தரமாகவே குறைந்துவிட்டது என்றால் மாடிஃபிகேஷன், அதாவது காலத்தை நீட்டித்தோ வட்டியைக் குறைத்தோ கடனையே மாற்றுவது. அதற்கு முன் வழக்கமாக மூன்று மாதச் சோதனைத் தவணை உண்டு. அதில் ஒன்று தாமதமானாலும் ஏற்பாடு முறிந்துவிடும். சோதனைக் காலத்தில் தானியங்கிப் பரிமாற்றத்தை நம்பாமல் கையாலேயே முன்கூட்டிக் கட்டுவது நல்லது.

120 நாளுக்குப் பின் வேகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், புளோரிடாவில் நீதிமன்றம் வழியாகப் போக வேண்டும். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் மனு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பே இல்லாமல் தீர்ப்பாகிவிடும். கலிபோர்னியாவில் வழக்கமாக நீதிமன்றம் இல்லை: டிஃபால்ட் நோட்டீஸ் (தவணை தவறிய அறிவிப்பு) பதிவான பின் மூன்று மாதம், அதன்பின் ஏல அறிவிப்புக்குக் குறைந்தது 20 நாள். டெக்சஸ்தான் வேகம். குடியிருக்கும் வீடு என்றால் பாக்கியைச் சரிசெய்ய 20 நாள் அவகாசம், பிறகு 21 நாள் முன்னறிவிப்பு, அவ்வளவுதான். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை.

நோட்டீஸ் பொதுப் பதிவேட்டில் ஏறிய உடனே தபால்பெட்டி நிறையும். "உங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறோம்" என்பவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே வருகிறார்கள். லெண்டரிடமிருந்து எழுத்தில் சலுகை வாங்கித் தந்து, அதை நீங்கள் ஏற்பதற்கு முன் இவர்கள் கட்டணம் வாங்குவது மத்திய விதிப்படி தடை. "லெண்டரோடு பேசாதீர்கள்", "பத்திரத்தை எங்கள் பேருக்கு மாற்றுங்கள், வாடகைக்கு இருங்கள்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். சர்வீசர் பதிலே சொல்லாமல் இழுத்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியில் புகார் போடலாம், எண் 855-411-2372. பெருந்தொற்றுக் கால மத்திய உதவி நிதி பெரும்பாலான மாநிலங்களில் மூடப்பட்டுவிட்டது, அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டின் மதிப்பு கடனைவிடக் கணிசமாக அதிகம் என்றால், சாதாரண முறையில் விற்றுவிடுவது பல நேரம் சிறந்த வழி. ஏலம் போன பின் ஃபேனி மே விதிப்படி அடுத்த கடனுக்கு வழக்கமாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். லெண்டர் சம்மதத்தோடு கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் ஷார்ட் சேல் என்றால் நான்கு. சாதாரண விற்பனைக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை.

இந்தியாவுக்குத் திரும்பப் போகிறவர்கள் விற்பனையை முடித்துவிட்டுக் கிளம்புவது மேல். வரிக் கணக்கில் வெளிநாட்டவர் ஆன பிறகு விற்றால், ஃபிர்ப்டா சட்டப்படி வாங்குபவர் பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். லாபத்தில் அல்ல, முழு விலையில். 4,00,000 டாலருக்கு விற்றால் 60,000. வாங்குபவர் தானே குடியேறப் போகிறார் என்றால் 10 சதவீதம், 40,000. கடனைத் தீர்க்கவே பணம் இறுக்கமாக இருக்கும் விற்பனையில் அந்தத் தொகை க்ளோசிங் மேசையிலேயே போய்விடும், வரித் தாக்கல் செய்தோ முன்கூட்டி விண்ணப்பித்தோதான் மீட்க முடியும்.