மீதி ஒளி எங்கே போயிற்று?

நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு ஒளிப் பாடத்தை முதன்முறை நடத்தியபோது, எதிரொளிப்பு, ஒளிவிலகல் (ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாக நுழையும் ஒளி வளைதல்), உட்கவர்தல் ஆகியவற்றின் வரையறைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, சமதள ஆடியில் தொடங்கி முப்பட்டகத்தில் முடித்தேன். தேர்வில் வரையறைகளை ஏறத்தாழ எல்லோரும் பிழையின்றி எழுதினர். ஆனால் வெள்ளைச் சுவர் ஒளியை எதிரொளிக்குமா என்ற வினாவுக்கு, சுவரில் முகம் தெரியாததால் எதிரொளிக்காது என்றே பலரும் விடையளித்திருந்தனர். ஆடியை முன்னிறுத்திப் பாடத்தைத் தொடங்கியதால் வந்த வினை அது.

அடுத்த ஆண்டு வரையறைகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். பொருளின்மீது விழுந்த ஒளியில் ஒரு பங்குதான் நம் கண்ணுக்கு வருகிறது என்றால், மீதி எங்கே போயிற்று? விழுந்த ஒளி திரும்பியிருக்கலாம், ஊடுருவியிருக்கலாம், அல்லது உட்கவரப்பட்டுப் பெரும்பாலும் வெப்பமாக மாறியிருக்கலாம். கணக்கில் வராமல் எதுவும் தொலைவதில்லை.

பாடத்துக்கு முன்பே, விளக்கு, பூ, கண் மூன்றையும் வரைந்து, பூ எப்படித் தெரிகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டச் சொல்லுங்கள். கண்ணிலிருந்து பூவை நோக்கிச் செல்லும் அம்புகள் சில தாள்களிலாவது இருக்கும். பழங்கால கிரேக்க அறிஞர்களில் சிலரும் அவ்வாறே எண்ணினர். 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் அதை விரிவாக மறுத்தார். அந்தத் தாள்களைத் திருத்தாமல் வைத்திருந்து, பாடம் முடிந்தபின் மாணவர்களிடமே கொடுத்துத் திருத்தச் செய்வது நல்லது.

நான் அதிக நேரம் செலவிடுவது ஆடியையும் வெள்ளைத் தாளையும் ஒப்பிடும் சோதனைக்குத்தான். இருட்டாக்கிய அறையில் மேசைமீது இரண்டையும் அருகருகே கிடத்தி, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு எது வெளிச்சமாகத் தெரியும் என்று முன்கூட்டியே கேட்டால், வகுப்பு முழுவதும் ஆடி என்றே சொல்லும். ஆனால் ஆடி கறுப்பாகக் கிடக்க, தாள் பளிச்சென்று தெரியும். ஆடி ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடுகிறது. தாளோ எல்லாத் திசைகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அறையில் உள்ளவற்றை நாம் காண்பதே இந்த ஒழுங்கற்ற எதிரொளிப்பால்தான் என்பதை இதன்பின் விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஒளிபுகும் பொருளுக்கு ஜன்னல் கண்ணாடியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. செங்குத்தாக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்புகிறது. இரு பரப்புகளும் சேர்ந்து சுமார் 8. பகலில் வெளியிலிருந்து வரும் ஒளியில் இந்தச் சிறு பங்கு அமிழ்ந்துவிடுகிறது. இரவில் அதே 8 விழுக்காடு நம் முகத்தைக் காட்டுகிறது. கண்ணாடி மாறவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

நிறத்தில்தான் குழப்பம் அதிகம். சிவப்பு வடிகட்டி (ஒளி புகும் நிறத் தாள்) வெள்ளொளிக்குச் சாயம் பூசுகிறது என்பதே பல மாணவர்களின் எண்ணம். சிவப்பு, பச்சை வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் என்ன நிறம் வரும் என்று எழுதச் சொன்னால், மஞ்சள் என்று எழுதுவோர் உண்டு. வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இருள்தான் மிஞ்சும். சிவப்பு கடத்தியதைப் பச்சை உட்கவர்ந்துவிட்டது. (மலிவான வடிகட்டிகள் சற்று ஒளியைக் கசியவிடும், வகுப்புக்கு முன் ஒருமுறை சோதித்துக்கொள்ளாமல் நான் அவமானப்பட்டதுண்டு.) சிவப்பு விளக்கொளியில் பச்சை இலை கருமையாகத் தெரிவதையும் இதே கணக்கில் அவர்களால் சொல்லிவிட முடியும்.

ஒளிவிலகலை விரைவாகவே கடந்துவிடலாம். வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் சுமார் 2.25 லட்சமாகவும் சாதாரணக் கண்ணாடியில் சுமார் 2 லட்சமாகவும் வேகம் குறைகிறது. செங்குத்தாக நுழையும் கதிர் வளையாவிட்டாலும் வேகம் குறையும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நீரில் கதிரின் பாதை தெரிய இரண்டு மூன்று சொட்டுப் பால் போதும். அப்படித் தெரிவது ஒளிச்சிதறலால் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இச்சோதனைகள் எதற்கும் லேசர் விளக்கை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம்.

தேர்வுக்கு இப்போது நான் வைக்கும் வினா ஒரு செய்முறையே. ஆய்வகத்தின் போரோசிலிக்கேட் கண்ணாடித் தண்டைக் கிளிசரினில் அமிழ்த்தினால், அமிழ்ந்த பகுதி ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (வெற்றிடத்தைவிட ஒரு பொருளில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 1.47 என்ற குறிப்பை மட்டும் தருகிறேன். எல்லையில் ஒளி திரும்பவும் இல்லை, வளையவும் இல்லை என்று எழுதுவோருக்கு முழு மதிப்பெண். அதே தண்டைத் துடைத்து நீரில் வைத்தால் ஏன் மீண்டும் தெரிகிறது என்பதை மறுநாள் எழுதிவரச் சொல்கிறேன்.