என் சாவுக்கு வந்தால் போதும்

இந்த ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வர முடியாது என்று சொன்னதும், "சரி, இனிமே என் சாவுக்கு வந்தா போதும், அதுக்காவது லீவு குடுப்பாங்களான்னு கேட்டு வை" என்று சொல்லி அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். நான் ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்தேன். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை அழைத்தபோது, நீங்கள் அழைக்கும் எண் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அன்று மாலை முழுவதும் என் காதில் விழுந்த கடைசித் தமிழ் அதுதான். அதையே கேட்பதற்காக இன்னொரு தடவையும் அழைத்தேன்.

அம்மாவின் பேச்சு எப்போதுமே ஓர் அளவு கூடுதலாகத்தான் இருக்கும். பள்ளியிலிருந்து சற்றுத் தாமதமாக வந்தால் "பெத்த வயிறு எரியுது" என்பார். மதிப்பெண் குறைந்தால் "நான் எங்கேயாவது கண்காணாமப் போறேன்" என்பார். ஊரில் இருந்தவரை இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மறுநாள் விடியும்வரை உயிரோடு இருந்ததில்லை. அவற்றை வாங்கிக்கொள்ள வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். பெரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்வார். நியாயம் எதுவும் பேசமாட்டார், யார் பக்கமும் சேரமாட்டார். அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, உனக்குப் பக்குனுதான் இருக்கும்" என்று மட்டும் சொல்வார். அதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள், யாராவது வேறு பேச்சை எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் அம்மாவே சிரித்துக்கொண்டிருப்பார். அவ்வளவு பேர் சேர்ந்து செய்துவந்த அந்த வேலையைக் கடல் கடந்தபின் ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அடியை வாங்குபவளும் நான்தான், ஆறுதல் சொல்ல வேண்டியவளும் நான்தான். அந்தப் பக்கம் அம்மாவின் முழங்கையைப் பிடிக்கப் பெரியம்மாவும் இப்போது இல்லை.

நான் இந்த நாட்டில் வேரூன்றிவிட்டேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அது பொய்யும் அல்ல. இங்குள்ள மொழியில் கனவு வருகிறது. குளிருக்கு எந்த உடை, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பதெல்லாம் யோசிக்காமலே கைக்கு வருகிறது. ஆனாலும் நள்ளிரவில் ஊர் எண்ணிலிருந்து மணி அடித்தால் எழுந்து உட்காரும் அந்த ஒரு நொடியில் நான் எந்த நாட்டிலும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், பெரியம்மாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் இந்தப் பேச்சைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், படித்துமிருக்கிறேன். அச்சமும் சினமும் வரும்போது உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. மகள் வரமாட்டாள் என்ற செய்தி புலியின் உறுமல் அல்ல என்பது நமக்குத் தெரியும். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவுக்கு அந்த வேறுபாடு சட்டென்று விளங்குவதில்லை. அந்த நேரத்தில் "யோசிச்சுப் பாரும்மா, டிக்கெட் விலை என்ன, லீவு எத்தனை நாள்" என்று கணக்குச் சொன்னால், கேட்கும் நிலையில் இல்லாத ஒருவரிடம் வழக்காடுகிறோம் என்றுதான் பொருள். தம்பதியரின் சச்சரவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக மனத்தில் ஏறாது என்றும், உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறார். அந்த இடைவெளியிலும் "என்னைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாரே" என்று உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தால் பயனில்லை. நடக்க வேண்டும், மூச்சை உள்ளிழுப்பதைவிட நிதானமாக வெளிவிட வேண்டும், வேறெதிலாவது கருத்தைச் செலுத்த வேண்டும். எங்கள் வீட்டில் கதவைத் தட்டியவர்களும் பேச்சை மாற்றியவர்களும் அம்மாவுக்குக் கொடுத்தது அந்த இடைவெளியைத்தான்.

இதனோடு சேர்த்து, உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும் நினைத்துக்கொள்கிறேன். வெகுளி, அதாவது சினம், எவற்றால் பிறக்கும் என்று அது சொல்லும் நான்கு காரணங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை; அதாவது உறுப்பை அறுத்தல், குடிகளை நலிதல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொல்லுதல். அழுகைக்கு அது சொல்லும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுவது; இழவு என்பது உற்றாரையோ உடைமையையோ இழப்பது; அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவது. அம்மாவின் பேச்சை இந்த இரண்டு பட்டியல்களின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் முதல் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. நிறைந்திருந்த வீடு வெறுமையாகிவிட்டது; அதுவே இழவு, அதுவே அசைவு. குரல் சினத்தின் குரல்தான், ஆனால் அம்மா அழுதுகொண்டிருக்கிறார். சினத்துக்கு மறுமொழி சொல்லப் போனால் நான் என் தரப்பை நிறுவத் தொடங்குவேன். அழுகைக்கு மறுமொழி சொல்லப் போனால் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன்.

மறுநாள் அழைத்தபோது எடுத்தார்.

"என்ன, லீவு கிடைச்சிருச்சா?"

"இல்லம்மா, கிடைக்கல. உனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, இல்ல?"

"எனக்கென்ன வருத்தம். நீங்கள்லாம் நல்லா இருந்தாச் சரி."

"இந்த வருஷமும் வீடு வெறிச்சுன்னு கிடக்கப்போகுதேன்னு இருக்கா?"

அவர் உடனே பேசவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "எதிர் வீட்டுல எல்லாப் புள்ளைங்களும் வந்துருதுங்க. நான் வாசல்ல நின்னு அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அந்த இடத்தில் சமாதானம் சொல்ல நாக்கு துடித்தது. "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்" என்பது எவ்வளவு எளிதாக வரும் வாக்கியம்! அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. லீவு கேக்கவே பயமா இருந்துச்சு. கேட்டேன், குடுக்கல. அன்னிக்கு ராத்திரி அழுதேன்" என்றேன்.

"அழுதியா? ஏன்டி என்கிட்ட சொல்லல?"

இந்த ஒரு கேள்வியில் அவர் குரலில் இருந்த குற்றச்சாட்டு எங்கோ போய்விட்டது. கைவிடப்பட்டவராகப் பேசிக்கொண்டிருந்தவர் மீண்டும் என் அம்மாவாகிவிட்டார். செய்வதற்கு அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அந்த மேலாளர் எப்படிப்பட்டவர், எந்த ஊர்க்காரர், அவருக்குத் தாய் இல்லையா என்றெல்லாம் விசாரித்தார். பேச்சு ஓய்ந்தபிறகு, "அம்மா, கோவம்னா என்னைத் திட்டு. ஆனா சாவு, அது இதுன்னு சொன்னா அன்னிக்கு முழுசும் எனக்குக் கை கால் ஓடாது. அதை மட்டும் சொல்லாத" என்றேன். "வாயில வந்துருச்சு" என்றார். இனிமேல் சொல்லமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இப்படிப் பேசும் முறைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் மார்ஷல் ரோசன்பர்க். 1934இல் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபோது, 1943இல், அவருடைய குடும்பம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கோடையிலேயே அங்கே இனக்கலவரம் வெடித்தது. புது ஊருக்கு வந்த பிள்ளையாக வன்முறையைக் கண்ட அவர், பிற்காலத்தில் உளவியல் பயின்று வன்முறையற்ற உரையாடல் என்னும் முறையை உருவாக்கினார். நடந்ததைத் தீர்ப்பு ஏற்றாமல் சொல்வது, அதனால் மனத்தில் எழுந்ததைச் சொல்வது, அதன் அடியில் இருக்கும் தேவையைச் சொல்வது, செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பது என நான்கு படிகளாக அவர் அதை வகுத்தார். அடிப்படை எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்த நான்கையும் வரிசையாக ஒப்பித்தால், "என்ன, ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசுற?" என்று அம்மா கேட்பார், அது நியாயமான கேள்வி. அவருடைய சொற்களிலேயே, அவருடைய ஏற்ற இறக்கத்திலேயே பேச வேண்டும். பெரியம்மா "பக்குனு இருக்கும்" என்று சொன்னதும் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும் செயல்தான். உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிகிறது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளைப் படங்களைக் கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பெரியம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தால், "இதுக்குப் படம் வேற பிடிச்சாங்களா?" என்று கேட்டிருப்பார்.

எனக்கு ஆறாத ஒரு மனக்குறை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும் புறப்படும்போதே சொல்லி அனுப்பப்படும் அறிவுரை, "அங்கே என்ன கஷ்டம்னாலும் வீட்டுல சொல்லிக் கவலைப்படுத்தாதே" என்பது. அன்பினால் சொல்லப்படுவதுதான், ஆனால் அது செய்யும் கேடு பெரிது. "நல்லா இருக்கேன், வேலை நல்லா இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்காங்க" என்று வாரந்தோறும் ஒரே வாசகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு உண்மை நிலையை அறிய நம் குரலின் தடுமாற்றமும் எடுக்காத அழைப்புகளும் தவிர வேறு வழி இல்லை. உண்மை கிடைக்காத இடத்தைக் கற்பனை நிரப்புகிறது. கற்பனை எப்போதும் கெட்டதையே முதலில் கொண்டுவருகிறது. இரண்டு மணி நேரம் அழைப்பை எடுக்காவிட்டால் உறவினர் அத்தனை பேருக்கும் தகவல் பறப்பது இதனால்தான். எல்லாம் நன்றாக இருப்பவர்கள் வராமல் இருந்தால் அதற்கு ஒரே காரணம் மனமில்லாமைதான் என்று அவர் எண்ணுவதிலும் தவறில்லை. நாம் மறைப்பதால்தான் அவர் மிகைப்படுத்துகிறார் என்று முழுதாகச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பரிவு என்றவுடன் கேட்டதைக் கொடுத்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். வர முடியாது என்ற என் பதிலை நான் மாற்றவில்லை. அம்மா அழுதவுடன் கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுத்திருந்தால், அழுதால்தான் வருவாள் என்பதை அவரும், அழவைக்காமல் இருக்க வேண்டும் என்பதை நானும் பழகியிருப்போம். அதன்பிறகு எங்களுக்குள் நேரான பேச்சே இருந்திருக்காது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்செல்லாம் ஏக்கத்தின் வெளிப்பாடு அல்ல. வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல், கோபமில்லாமல் ஒருவர் அப்படிச் சொன்னாலோ, தூக்கமும் பேச்சும் குறைந்து யாரிடமும் ஒட்டாமல் ஒதுங்கினாலோ, நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: "செத்துப்போகலாம்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்று பதில் வந்தால் அருகில் இருக்கும் ஒருவரை உடனே அனுப்ப வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்ல வேண்டும். இதைத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லிக் கடத்திவிடக் கூடாது.

தம்பி வேறொரு நாட்டில் இருக்கிறான். அவனுக்கு வேலை போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வழக்கமான நேரத்தில், அலுவலகத்திலிருந்து பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறான். "சொன்னா ஊரையே கூட்டிருவாங்க அக்கா" என்கிறான். கூட்டத்தான் செய்வார், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவன் குரலில் ஏதோ குறைகிறது என்று அம்மா ஏற்கெனவே என்னிடம் இருமுறை கேட்டுவிட்டார். அவனுக்கு நோய் என்று நம்பத் தொடங்கியிருக்கிறார். இதை அவனிடம் சொன்னதும் நெடுநேரம் பேசாமல் இருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஒரே அழைப்பில் சேர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். நோய் எதுவும் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவான், வேலை போனதை அடுத்ததாகச் சொல்வான், பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்கமாட்டான். அம்மா அழுதாலும் கத்தினாலும் நாங்கள் இருவரும் இணைப்பைத் துண்டிக்கப்போவதில்லை. அவரே வைத்துவிட்டால் சற்று நேரம் கழித்து நான் அழைப்பேன்.